முதலெழுத்து

லான்சிங். பிப்ரவரி. காலை ஒன்பதரை.
கல்விக் குழு அறையில்
கோட்டுகளின் பனி உருகி
நாற்காலிகளுக்கு அடியில் சின்னச் சின்னக் குட்டை.
ஆளுக்கு மூன்று நிமிடம் என்றார்கள்.
பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு.

தலைவர் தாளைப் பார்த்தார்.
எழிலரசி, ஆங்கிலத்தில் பத்து எழுத்து.
முதலெழுத்தில் கண்ணை வைத்தார்,
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்,
பொருந்தக்கூடிய ஒன்றை யோசித்து
"மிஸ் எலிசபெத்" என்றார்.

அதுதான் ஐயா, நான் சொல்ல வந்தது.

பதினோரு வருடம்
முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு
இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.
தெரியாத சொல்லா? முதலெழுத்தைப் பார்.
படத்தைப் பார்.
எது வந்தால் பொருந்துமோ அதைச் சொல்.
சாகினாவில் பள்ளிக்கு வந்திறங்கிய பெட்டியில்
அப்படித்தான் இருந்தது.
அச்சு அழகு, படம் அழகு,
பயிற்சி கொடுக்க வந்தவரின் பல்வரிசையும் அழகு.

டேரியன் என்று ஒரு பையன்.
படத்தில் குதிரை. கீழே 'போனி' என்று எழுதியிருந்தது.
'ஹார்ஸ்' என்று வாசித்தான்.
பொருள் கெடவில்லையே என்று
சட்டையில் நட்சத்திரம் ஒட்டினேன்.
அந்த வருடம் அவனுக்கு முப்பத்தொரு நட்சத்திரம்.

மே மாதம் ஒருநாள், ஏதோ தோன்றி,
படத்தை உள்ளங்கையால் மூடினேன்.
அவன் எழுத்தைப் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தான்.
புருவத்தில், உதட்டோரத்தில்
அந்தச் சொல்லைத் தேடினான்.
வருடம் முழுக்க அவன் படித்த புத்தகம் நான்தான் என்று
எனக்கு அப்போதுதான்
எழுத்துக்கூட்டி விளங்கியது.

மஞ்சள்.

எனக்கு யாரும் ஊகிக்கச் சொன்னதில்லை.
ககரத்துக்குக் கால் போட்டால் கா, கொம்பு வைத்தால் கெ.
என் மொழியில் எழுத்து ஏமாற்றாது என்பேன்.
அதுவும் முழு உண்மை இல்லை,
பந்தின் பகரம் வேறு, கம்பத்தின் பகரம் வேறு.
ஆனாலும் பந்தைப் பார்த்துக் கம்பம் என்றால்
நட்சத்திரம் கிடைத்திருக்காது.
இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதே

சிவப்பு.

பிறகு அவர்கள் பேசினார்கள்.
பயிற்சிக்கு எத்தனை லட்சம் டாலர் என்றார் ஒருவர்.
ஆசிரியர் கையைச் சட்டம் கட்டலாமா என்றார் இன்னொருவர்,
என் கையைப் பார்த்துக்கொண்டு.
பெட்டி விற்கும் கம்பெனியின் ஆள்
மூன்றாம் வரிசையில்
எதையும் குறித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.
எழுத்தை ஒலியோடு கற்பிக்க வேண்டும்
என்று வந்த மசோதாவில்
'கற்பிக்க வேண்டும்' மதியத்துக்குள்
இருமுறை 'கற்பிக்கலாம்' ஆகி
ஒரே ஓட்டில் 'வேண்டும்' என்று மீண்டது.

பாலர் வகுப்பு முதல்
மூன்றாம் வகுப்பு வரை.
வரும் செப்டம்பரிலிருந்து.

டேரியன் இப்போது நான்காம் வகுப்பு.
ஆஸ்பத்திரி லாண்டரியில் ஷிப்டை மாற்றிக்கொண்டு
அவனையும் கூட்டிவந்திருந்த ரொஷெல்
குனிந்து என் காதில் கேட்டாள்:
"வரை என்றால், மூன்று உள்ளே, நாலு வெளியே,
அப்படித்தானே?"
அப்படித்தான் என்றேன்.
அவள் கோட்டின் பொத்தான்களைப் போட ஆரம்பித்தாள்,
மேலிருந்து.

வெளிவாசலில் கனத்த கண்ணாடிக் கதவு.
பித்தளைத் தகட்டில் நாலே எழுத்து.
டேரியன் முன்னால் ஓடித் தள்ளினான்.
அசையவில்லை.
தோளைக் கொடுத்துத் தள்ளினான்.
புஷ், புல்.
இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்று,
இரண்டாவதும் ஒன்று.
கதவில் படம் கிடையாது.

ரொஷெல் கையை நீட்டினாள்.
அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.
அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

மப்ளரைக் கண்வரை இழுத்துக்கொண்டேன்.
பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள்,
யாரோ தொண்டையைச் செருமினார்,
வெளியே என் கார் மீட்டரில் நாலு நிமிடம் பாக்கி.
அவன் கையுறையைக் கழற்றிவிட்டு
தகட்டின்மேல் விரலை வைத்தான்,
மூன்றாம் எழுத்தில்.